டார்லா இளைத்த கதை

டார்லா நீமிக்குக் கோபம் வந்தால் டுலூத் நகரத்து மேட்டுத்தெருக்காரர்களின் முதுகு ஒடியும். அமெரிக்காவின் வடக்கு ஏரிக்கரையில் இருக்கும் அந்த ஊர் நகராட்சியின் பனி தள்ளும் லாரியை ஓட்டுகிறவள் அவள். மனசு சரியாக இருக்கிற நாளில், ஒவ்வொரு வீட்டு வாசல் வரும்போதும் லாரியின் முன்னால் இருக்கும் இரும்புத் தகட்டைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு போவாள். வாசல் அடைபடாது. கோபத்தில் இருந்தால் திருப்பமாட்டாள். ஏரிக்காற்றில் கல்லாய் இறுகிய பனி இடுப்புயரத்துக்கு ஒவ்வொருவர் காருக்கும் முன்னால் கிடக்கும். போன குளிர்காலம் முழுக்க மேட்டுத்தெரு ஜனங்கள் மண்வாரியும் கையுமாகத் திரிந்தார்கள். நகராட்சிக்குப் பதினேழு புகார் போயிற்று.

டார்லாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒட்ட வெட்டிய நரைமுடி, கட்டம் போட்ட கம்பளிச் சட்டை. பெட்ரோல் கடையில் முகம் பார்க்காமல் "சார்" என்று கூப்பிடுவார்கள், அவளும் திருத்தமாட்டாள். எடை இருநூற்று ஐம்பத்தொரு பவுண்டு. அதில் ஒரு பவுண்டுக்குக்கூட அவள் வெட்கப்பட்டதில்லை. இருபத்திரண்டு வயதில், பெண்கள் கூடும் மதுக்கடையிலிருந்து வெளியே வந்தபோது நாலு ஆம்பிளைகள் பாட்டிலோடு காத்திருந்தார்கள். அன்றைக்கு அவளைக் காப்பாற்றியது போலீஸ் இல்லை, கடவுளும் இல்லை, அந்த உடம்புதான். அப்படிப்பட்ட உடம்பை இளைக்கச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

சொன்னது ஆஸ்பத்திரி. காரணம் கொலெட்.

கொலெட்டும் டார்லாவும் பதினாலு வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். பதினோரு வருஷத்துக்கு முன் கொலெட் இவளை விட்டுவிட்டு வான்டா பெல்கியோடு சேர்ந்துகொண்டாள். வான்டா வெளியாள் இல்லை. டார்லாவின் சாஃப்ட்பால் அணியில் பந்து எறிகிறவள் அவள், பிடிக்கிறவள் டார்லா. ஆறு கோடைகாலம் வான்டா எறிய டார்லா பிடித்தாள், அதற்கு நடுவில்தான் இந்தக் கூத்தெல்லாம் நடந்திருக்கிறது. அன்றைக்கே டார்லா பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறினாள். தன் கையால் வண்ணம் பூசி, தன் கையால் குளியலறைத் தரைக்கு ஓடு பதித்த வீடு. அதில் வான்டா வந்து உட்கார்ந்தாள். ஏழு வருஷம் கழித்து கொலெட் அவளையும் விட்டுவிட்டுத் தனியாகப் போய்விட்டாள். வீடு மட்டும் வான்டாவிடம் நின்றது.

வான்டாவோடு டார்லா அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் கொலெட்டோடு இரண்டே வருஷத்தில் பேச்சு வந்துவிட்டது. இந்தப் பெண்கள் நடுவில் அது அப்படித்தான். பெற்றவர்கள் வாசலைக் காட்டி அனுப்பிவிட்ட பிறகு, கட்டில் மெத்தை தூக்க, காய்ச்சலுக்குக் கஞ்சி வைக்க, பிறந்தநாளுக்கு கேக் வெட்ட யார் வருவார்கள்? பழைய ஆள்தான் வருவாள். புது ஆளையும் கூட்டிக்கொண்டு வருவாள். கொலெட்டின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டுவிட்டன என்று தெரிந்த அன்று, அவளுடைய சொந்த அக்கா ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினாள், அதோடு சரி. டார்லா ஆஸ்பத்திரிக்குப் போய், "என்னோடதுல ஒண்ணு எடுத்துக்கோங்க" என்றாள். கொலெட்டிடம் சொல்லவில்லை. சொன்னால் சம்மதிக்கமாட்டாள்.

தானம் கொடுக்க வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் பமேலா என்ற அம்மாள் படிவத்தை எடுத்தாள்.

"நோயாளிக்கு நீங்க என்ன உறவு?"

"பழைய பொண்டாட்டி."

"விவாகரத்து ஆனவங்களா?"

"கல்யாணமே ஆகல. எங்களுக்குக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இந்த மாநிலம் சட்டம் போட்ட வருஷந்தான் அவ என்னை விட்டுட்டுப் போனா."

பமேலா பேனாவை நிறுத்தினாள். "பிரிஞ்சு போனவங்களுக்கு எதுக்கு... தப்பா நினைக்காதீங்க, கேட்டே ஆகணும். யாராவது உங்களைக் கட்டாயப்படுத்துறாங்களா? மிரட்டுறாங்களா?"

"என்னை மிரட்டுறதுக்கு இந்த ஊர்ல ஆள் இருக்கா? என்னை நல்லாப் பாத்துட்டுக் கேளுங்க."

ரத்தம் பொருந்தியது, இதயம் நன்றாக இருந்தது. எடை மட்டும் கூடாது என்றார்கள். இருநூற்றுப் பத்துக்கு வந்தால்தான் கத்தி வைப்பார்கள். நாற்பத்தொரு பவுண்டு. அதற்கென்று ஆஸ்பத்திரியே ஒரு செயலியைக் கொடுத்தது. திறந்த உடனே கணவர் பெயரைக் கேட்டது. காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகமாட்டேன் என்றது. டார்லா தன் லாரியின் எண்ணைப் போட்டாள். பிறகு ரோஜா நிற உடுப்பில் ஒரு ஒல்லிப் பெண் தோன்றி, தினமும் காலையில் சிரித்தாள். "உங்கள் கணவர் உங்களைத் திரும்பிப் பார்க்கும் நாள் தூரத்தில் இல்லை!" "பத்து வருஷத்துக்கு முந்தைய கவுனை அலமாரியில் மாட்டி வையுங்கள், அதுதான் உங்கள் இலக்கு!" டார்லா வாழ்நாளில் கவுன் போட்டது ஒரே தடவை, பாட்டன் சாவுக்கு, அதுவும் அம்மா அடித்துப் போடவைத்தது. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகச் சொன்னது செயலி. போனாள். உடை மாற்றும் அறையில் ஒருத்தி துண்டால் மாரை மூடிக்கொண்டு, "இது பொம்பளைங்க அறை!" என்று கத்தினாள். ஐந்தாவது வாரம் டார்லா ஆறு பவுண்டு ஏறியிருந்தாள்.

"கவுனாம், கணவராம்! அந்த ரோஜாக்காரி கையில கிடைச்சா பனிக்குள்ள புதைச்சிடுவேன்" என்று டயாலிசிஸ் நாற்காலியில் படுத்திருந்த கொலெட்டிடமே கத்திவிட்டாள். எதற்கு இளைக்கிறாள் என்று மட்டும் சொல்லவில்லை. முட்டிவலிக்கு என்று பொய் சொன்னாள்.

கொலெட் சிரித்தாள். "இளைக்கறதுக்குன்னு ஜோ ஒரு குழு நடத்துறாளே, இணையத்துல. நம்ம ஆளுங்களுக்கு மட்டும். அங்க போயேன்டி."

ஜோ, ஓய்வு பெற்ற நர்ஸ். ஏரிக்கரை ஊர்கள் எல்லாவற்றிலிருந்தும் நாற்பது பெண்கள் அவள் குழுவில் இருந்தார்கள். அங்கே யாரும் கணவர் பேச்சை எடுக்கவில்லை. அழகாவது பற்றியும் பேசவில்லை. முதல் வாரமே ஒரு கேள்வித்தாள் வந்தது. 'உங்கள் அம்மா உங்களோடு கடைசியாகப் பேசியது எப்போது? அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள்?' டார்லா அதை லாரியில் உட்கார்ந்து படித்தாள். இருபத்து நாலு வயதில், அம்மா தொலைபேசியை வைத்த அன்று, தேவாலய விருந்துக்கென்று செய்திருந்த ஒரு தட்டு சாக்லேட் பார் முழுவதையும் நின்றுகொண்டே தின்றது ஞாபகம் வந்தது. இத்தனை வருஷத்தில் அதை ஒருத்தரும் கேட்டதில்லை. அன்றைக்கு வேலையை ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் தொடங்கினாள்.

குழுவில் ஜோ வைத்த கண்டிப்பான சட்டம் ஒன்று உண்டு. பெயர் கூடாது, முகம் கூடாது.

"நாம இருக்கறதே கொஞ்சம் பேர். இங்க எல்லாருக்கும் எல்லாரும் பழைய ஆளு" என்றாள் ஜோ. "பேர் தெரிஞ்சா உடம்பைப் பத்திப் பேசமாட்டீங்க. யார் யாரை விட்டுட்டு யாரோட ஓடினான்னு பேசுவீங்க. எனக்கு அந்தப் பஞ்சாயத்து வேண்டாம்."

ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டார்கள். டார்லா 'கலப்பை', பனியை உழுது தள்ளும் தன் லாரியின் கதவில் எழுதியிருக்கும் பெயர். காலையில் எழுகிற நேரம் பார்த்து இரண்டிரண்டு பேராக ஜோ ஜோடி சேர்த்துவிட்டாள். நாலு மணிக்கு எழுகிறவர்கள் இரண்டே பேர். கலப்பைக்கு வாய்த்தது 'பூசணி'.

தினமும் விடியற்காலையில் எடைமெஷினைப் படமெடுத்து ஒருத்திக்கொருத்தி அனுப்பவேண்டும். பூசணியின் படத்தில் முகப்பும், இரண்டு கம்பளிக் காலுறை நுனியும், அடியில் மரப்பலகைத் தரையும் தெரியும். அதற்குக் கீழே நாலு வரி.

"கலப்பை, ஒரு பவுண்டு ஏறிடுச்சு. என்னைச் சுத்தி எப்பப் பாத்தாலும் சாப்பாடுதான். தனியா இருந்தா கை சும்மா இருக்கமாட்டேங்குது."

"கைக்கு வேலை குடு. எனக்கு எழுது."

"எதுக்குக் குறைக்கிற நீ?"

"ஒரு ஆபரேஷனுக்கு. நீ?"

"எனக்கும் அதேதான்."

முட்டியாக இருக்கும் என்று இவள் நினைத்துக்கொண்டாள், அவளும் அப்படியே நினைத்துக்கொண்டாள். எட்டு மாசத்தில் அவர்கள் பேசாதது இல்லை. தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனவளைப் பற்றி டார்லா ஒருநாள் பக்கம் பக்கமாக எழுதினாள். "எதிர்ல வந்தா வண்டியை ஏத்திடுவேன்" என்று முடித்திருந்தாள். "அந்த மாதிரி ஆளுமேல ஏத்தினா தப்பே இல்ல. நான் சாட்சி சொல்றேன்" என்று பூசணி பதில் போட்டாள். டார்லாவுக்கு அன்று பூராவும் வயிறு குளிர்ந்திருந்தது.

டிசம்பரில் டார்லா இருநூற்றுப் பத்தொன்பதுக்கு வந்து அப்படியே நின்றுவிட்டாள். அதே சமயம் பமேலா கூப்பிட்டாள். "உங்களைத் தவிர இன்னொருத்தரும் பரிசோதனையில இருக்காங்க. யாருன்னு சொல்ல எங்களுக்கு அனுமதி இல்ல. யார் முதல்ல தயாரோ அவங்ககிட்ட எடுப்போம்." கொலெட்டின் அக்காவுக்குத்தான் புத்தி வந்திருக்கிறது போல என்று டார்லா முணுமுணுத்துக்கொண்டாள்.

ஜனவரியில் ஒரு காலை. பூசணியிடமிருந்து படம் வந்தது. "நூத்தித் தொண்ணூத்தி மூணு! மரத்தரையில மெஷின் பொய் சொல்லுதோன்னு சந்தேகமா இருந்துச்சு. குளியலறையில வச்சுப் பாத்தேன், அங்கயும் அதேதான். இன்னும் நாலு பவுண்டு, கலப்பை!"

டார்லா எண்ணைப் பார்க்கவில்லை. மெஷினுக்கு அடியில் பச்சை ஓடுகள். சூடேற்றும் குழாயை ஒட்டி ஒரே ஒரு மஞ்சள் ஓடு. பச்சை ஓடு ஒன்று குறைந்துபோய், கடை மூடிவிட்டதால், கொலெட் சிரிக்கச் சிரிக்க டார்லா தன் கையாலேயே பதித்த மஞ்சள் ஓடு.

வான்டா.

எட்டு மாசம் ஒவ்வொரு விடியலும் யாருக்குத் தன் வயிற்றைத் திறந்து காட்டினாளோ, அவள் வான்டா. அதோடு நிற்கவில்லை. ஆபரேஷன், இன்னொருத்தர், நாலு பவுண்டு. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அந்த இன்னொருத்தர் அக்கா இல்லை. கொலெட்டை எடுத்துக்கொண்டாள், வீட்டை எடுத்துக்கொண்டாள், இப்போது கொடுக்கிற உரிமையையும் எடுத்துக்கொள்ளப் போகிறாள். பாவி! அதற்குத் தினமும் தட்டிக்கொடுத்து வளர்த்துவிட்டவள் யார்? இந்த டார்லாதான்.

பதில் எழுதவில்லை. லாரியை எடுத்தாள். மேட்டுத்தெருவின் மொத்தப் பனியையும் வழித்துக்கொண்டு வந்து, வான்டாவின் வாசலில் குவித்தாள். போதவில்லை. திரும்பிப் போய்ப் பக்கத்துத் தெருவினுடையதையும் கொண்டுவந்தாள். ஜன்னலின் பாதி உயரத்துக்கு மதில் எழும்பியது. ஒலிப்பானை நீளமாக அழுத்தினாள். திரைச்சீலை விலகியது. லாரிக் கதவில் பெரிதாக எழுதியிருந்த 'கலப்பை' என்ற பெயரையும், ஓட்டுகிறவள் முகத்தையும் வான்டா பார்த்தாள். கலப்பை யார், ஆஸ்பத்திரியில் தன்னோடு பரிசோதனையில் இருக்கும் இன்னொருத்தர் யார் என்று அவளுக்கும் விளங்கிவிட்டது. திரைச்சீலை மூடிக்கொண்டது.

மறுநாள் காலை படம் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாளும் இல்லை.

அவள் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று டார்லாவுக்குத் தெரியும். தனியாக இருந்தால் கை சும்மா இருக்காது என்று எழுதியவள். தின்றுகொண்டிருப்பாள். நன்றாகத் தின்னட்டும். டார்லா ஒன்றும் செய்யவேண்டியதில்லை, பேசாமல் இருந்தால் போதும். நாலு பவுண்டு பதினாலாகும், பதினாலு இருபதாகும். அதற்குள் இவள் ஒன்பது பவுண்டைக் குறைத்துவிட்டால் கொலெட் உடம்புக்குள் இருக்கப்போவது இவளுடையது. அப்படி நினைத்தபோது டார்லாவுக்குக் கூசவில்லை. நன்றாக இருந்தது.

வியாழக்கிழமை கொலெட்டைப் பார்க்கப் போனாள். கை குச்சியாகிக் கிடந்தது. உதடு வெடித்திருந்தது. குடிக்கத் தண்ணீர்கூட அளந்துதான்.

"டார், பனி உருகுற வரைக்குமாவது என் உடம்பைத் தாக்குப்பிடிக்கச் சொல்லுடி" என்றாள் கொலெட். "இப்பச் செத்தா உறைஞ்ச மண்ணை வெட்ட முடியாது. வசந்தம் வர வரைக்கும் கல்லறை ஷெட்டுல அடுக்கி வச்சிருப்பாங்க. யாருன்னே தெரியாத ஆம்பிளைங்க பக்கத்துல."

"வாயை மூடு."

"நீ வந்து லாரியால தோண்டிக் குடுப்பேன்னு நம்பிட்டு இருக்கேன்."

டார்லா வெளியே வந்து லாரியின் ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினாள். ஐந்து வாரமாகத் தன் முள் நகரவில்லை. நகர்கிற முள் ஒன்றே ஒன்றுதான், அது அந்த மஞ்சள் ஓட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதைவிட அநியாயம் உலகத்தில் இல்லை என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே மேட்டுத்தெருவுக்கு வண்டியைத் திருப்பினாள்.

மூன்று நாளாகியும் மதில் அப்படியே நின்றது. அதன்மேல் ஏறிச் சறுக்கி இறங்கி, கதவை உதைத்தாள். வான்டா திறந்தாள். கலைந்த பின்னல், வீங்கிய கண். பின்னால் மேஜையில் நூடுல்ஸும் கறியும் வேகவைத்த பெரிய பாத்திரம் வழித்து வைத்ததுபோல் காலியாக இருந்தது.

"எவ்ளோ?" என்றாள் டார்லா.

"என்ன?"

"எடை எவ்ளோடி இப்ப?"

"நூத்தித் தொண்ணூத்தி எட்டு" என்றாள் வான்டா. "சந்தோஷமா? போ. என்மேல லாரி ஏத்துறதா இருந்தா ஏத்திட்டுப் போ."

"நீதானே சாட்சி சொல்றேன்னே!"

"அது நான்தான்னு எனக்கெப்படித் தெரியும்? அந்தப் பொம்பளைய நானே எவ்ளோ திட்டினேன் தெரியுமா!" வான்டாவுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் அழுகையாயிற்று. "பேசாம நீயே குடு டார்லா. உனக்குத்தான் அந்த உரிமை. நான் விலகிக்கிறேன்."

அதுதான் டார்லாவால் தாங்கமுடியவில்லை. "விலகிக்கிறியா? என்னால ஒரு பவுண்டு குறையல, அஞ்சு வாரமா! நீ விலகி, நானும் முடியாமப் போனா, அவளை ஷெட்டுல அடுக்கவா? எட்டு மாசம் உன்னைத் தூக்கி விட்டிருக்கேன்டி, யாருன்னு தெரியாம! தெரிஞ்சிருந்தா ஒரு வார்த்தை எழுதியிருக்கமாட்டேன். ஆனா எழுதிட்டேன். அது என் உழைப்பு. அதை நீ நூடுல்ஸ் சட்டியில கரைக்கவிடமாட்டேன். பூட்ஸைப் போடு!"

"எதுக்கு?"

"வாசல்ல ஒரு மலை நிக்குதே, தெரியல? அள்ளு."

இரண்டு பெண்களும் ஆளுக்கொரு வாரியோடு இறங்கினார்கள். பதினோரு வருஷம் சேர்த்துவைத்த வசவு ஒவ்வொரு அள்ளுக்கும் ஒன்றாக வெளியே வந்தது. வீட்டுக்குள் புகுந்த எலி என்றாள் டார்லா. ஒன்பது நாள் ஒரு வார்த்தை பேசாமல் கொலெட்டை அழவைத்த மரக்கட்டை என்றாள் வான்டா. "அவ என்கிட்ட வந்தது என்னைப் பாத்து இல்ல, உன்னைப் பொறுக்கமுடியாம!" டார்லா ஒரு வாரி பனியை அவள் முகத்தில் கொட்டினாள். வான்டா திருப்பிக் கொட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். வாசல் தெரிய இரண்டு மணி நேரம் ஆயிற்று.

மறுநாள் விடிகாலையில் டார்லா லாரியில் வந்து, அதே வாசலில் மறுபடி குவித்துவிட்டுப் போனாள். அதற்கு மறுநாளும் அப்படியே. பனி பெய்யாத நாளில் மூலைத்தெருவிலிருந்து சுமந்து வந்தாள். வான்டா ஜன்னல் வழியாகக் கெட்ட வார்த்தையில் கத்திவிட்டு, வாரியோடு இறங்குவாள். அள்ளி முடித்துக் குளித்துவிட்டு மெஷினைப் படமெடுத்து அனுப்புவாள். கீழே நாலு வரி கிடையாது. "சனியனே" என்று ஒரே வார்த்தை. டார்லாவும் தன் எண்ணை அனுப்பி, அதே வார்த்தையைப் போடுவாள். நகராட்சிக்குப் போன பதினெட்டாவது புகார் பக்கத்து வீட்டுக்காரருடையது.

பிப்ரவரி கடைசியில் வான்டா நூற்று எண்பத்தொன்பதைத் தொட்டாள். மார்ச்சில் நாள் குறித்தார்கள். ஆபரேஷனுக்கு நாலு நாள் முன்புதான் கொலெட்டுக்குச் சொன்னார்கள். இருவரும் சேர்ந்து நிற்பதைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்துவிட்டாள் அவள்.

ஆபரேஷன் அன்று காலை டார்லா பழக்கத்தில் மெஷின்மேல் ஏறினாள். இருநூற்றுப் பத்து. இறங்கி மறுபடி ஏறினாள். இருநூற்றுப் பத்தேதான். மெஷினைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். ஒரு துண்டு தெறித்துக் கட்டிலடியில் போனது. பிறகு உட்கார்ந்து பூட்ஸைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

பமேலா ஒரு படிவத்தோடு காத்திருந்தாள். தானம் கொடுத்தவரை வீட்டுக்குக் கூட்டிப்போய் இரண்டு வாரம் கூடவே இருந்து கவனிக்க ஆள் வேண்டும். குளிப்பாட்ட, கழிவறைக்கு நடத்திப்போக. வான்டாவுக்கு அப்படி யாரும் இல்லை. டார்லா பேனாவைப் பிடுங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். அழுத்தியதில் காகிதம் கிழிந்தது.

"இவங்களுக்கு நீங்க என்ன உறவு?" என்று கேட்டாள் பமேலா.

"என் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போனவ."

பமேலா நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நீங்க எதுக்கு..."

"வேற யாரு பாத்துக்குவா? அவங்கம்மாவா வரப்போறா?"

சாயங்காலம் வான்டா கண் விழித்தாள். கட்டில் பக்கத்தில் டார்லா முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொலெட்டுக்கு வைத்தது வேலை செய்யத் தொடங்கிவிட்டது, மூத்திரப்பை நிரம்பிவிட்டது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். வான்டா உலர்ந்த வாயைத் திறந்தாள்.

"கலப்பை... இன்னிக்கு எவ்ளோ?"

டார்லா அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "மெஷின் உடைஞ்சு போச்சு" என்றாள். "உன்னோடதைத்தான் இனிமே ரெண்டு வாரம் பாக்கணும். அந்த மஞ்சள் ஓட்டுப் பக்கத்துல."